சேஞ்ச்செட்ஸ்: எண்ணை அப்புறம் ஏத்தலாம், குறிப்பை இப்பவே எழுது

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு விதி: யார் புல் ரிக்வெஸ்ட் (தன் கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போட்டாலும் வெர்ஷன் எண்ணை ஏற்றி, சேஞ்ச்லாக்கின் (எந்த வெர்ஷனில் என்ன மாறியது என்ற பட்டியல்) தலையில் ஒரு வரி சேர்த்தாக வேண்டும். ஒரே நாளில் நாலு பேர் 2.4.1-ஐ 2.4.2 ஆக்கியிருப்போம். முதலில் மெர்ஜ் ஆனவர் தப்பித்தார், மற்ற மூவருக்கும் கான்ஃப்ளிக்ட், அதை அவசர அவசரமாகத் தீர்க்கும்போது யாரோ ஒருவருடைய வரி காணாமல் போயிருக்கும்.

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களுக்கான சேஞ்ச்செட்ஸ் என்ற கருவி, எண் ஏற்றுவது, குறிப்பு எழுதுவது என்ற இந்த இரண்டு வேலையையும் பிரித்துவிடுகிறது. எனக்குப் பிடித்ததே அதுதான். கோடை மாற்றியவர் கமாண்டை ஓட்டினால் எந்த பேக்கேஜ், மேஜரா (பழைய பயன்பாட்டை உடைக்கும் மாற்றம்) மைனரா (புது வசதி) பேட்சா (சின்னத் திருத்தம்) என்று கேட்டு, ஒரு வரி குறிப்பும் வாங்கிக்கொள்ளும். அது சம்பந்தமில்லாத மூன்று சொற்களைக் கோத்த பெயரோடு தனி மார்க்டவுன் ஃபைலாகப் போய் உட்காரும், அதுதான் ஒரு சேஞ்ச்செட். ஆளுக்கொரு ஃபைல், அதனால் மோதல் இல்லை. எண் ரிலீஸ் அன்றைக்குத்தான் ஏறும், அதுவும் ஒரே தடவை: பத்து பேட்சும் ஒரு மைனரும் சேர்ந்திருந்தால் 2.4.1 நேராக 2.5.0. சேஞ்ச்லாக்கை எழுதிவிட்டு அந்தக் குட்டி ஃபைல்களையும் அதுவே அழித்துவிடும்.

செமான்டிக் ரிலீஸ் என்ற இன்னொரு கருவி, கோட் மாற்றத்தோடு எழுதும் கமிட் மெசேஜைப் பார்த்தே எண்ணை முடிவு செய்கிறது. சோம்பேறிகளுக்கு வசதி, நானும் சோம்பேறிதான். ஆனால் கமிட் மெசேஜ் பக்கத்து சீட்காரருக்கு, சேஞ்ச்லாக் நம் லைப்ரரியை நம்பி இருக்கும் முகம் தெரியாத ஆளுக்கு. இரண்டையும் ஒரே வரியில் எழுத எனக்கு வரவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. பியர் டிபென்டென்சி (பயன்படுத்துபவரின் ப்ராஜெக்டிலேயே இருக்கும் என்று ஒரு பேக்கேஜ் எதிர்பார்க்கும் இன்னொரு பேக்கேஜ்) என்றால் கவனம்: அடியில் இருக்கும் பேக்கேஜுக்கு மைனர் ஏற்றினாலே, அதைச் சார்ந்ததற்கு மேஜர் ஏறிவிடும். ஏற்கும் வெர்ஷன் ரேஞ்ச் மீறினால் மட்டும் ஏற்று என்று சொல்ல ஒரு செட்டிங் உண்டு, அது சோதனை நிலை ஆப்ஷன்களுக்குள் ஒளிந்திருக்கிறது. இன்னும் 0.4.2-வில் இருக்கும் ப்ராஜெக்டில் யாராவது மேஜரைத் தேர்வு செய்தால் 1.0.0 ஆகிவிடும், அங்கே உடைக்கும் மாற்றத்துக்கு மைனர் போதும், கேரட் (^) குறி போட்டு 0.4.2 வாங்கியவருக்கு 0.5.0 தானாகப் போகாது. டாக்குமென்டேஷனில் எழுத்துப்பிழை திருத்தினால்கூட கிட்ஹப் பாட் வந்து சேஞ்ச்செட் எங்கே என்று நினைவூட்டும், காலியாக ஒன்றைப் போட்டு வையுங்கள்.

ஐந்துக்கு நாலு. பைத்தான் ஆட்கள் டவுன்க்ரையர் என்ற கருவியைப் பாருங்கள், யோசனை கிட்டத்தட்ட இதேதான்.