துரை பங்களா காப்பிக் கடை, பந்திங் பக்கம்: சாப்பாட்டுக்கு நாலு நட்சத்திரம், சுவருக்கு ஒன்று

மலேசியாவின் சிலாங்கூரில், பந்திங்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய துரை பங்களாவை, அதாவது வெள்ளைக்காரத் தோட்ட மேலாளர் வீட்டை, புதுப்பித்துக் காப்பிக் கடையாக்கியிருக்கிறார்கள். கடைப் பெயரை நான் இங்கே போடவில்லை, உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அம்மாவோடு போனேன். அவர் தோட்டத்தில் ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டிய காலத்தில் அந்த மாதிரி வீட்டின் முன்வாசலை மிதித்ததே இல்லை.

கோழி சாப், அதாவது மாவு தடவிப் பொரித்த கோழி, பிரமாதம். மேல்மாவு மொறுமொறுப்பு, பட்டாணியும் வெங்காயமும் போட்ட குழம்பு தனிக் கிண்ணத்தில். 24 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். கறி அடைத்துப் பொரித்த கறிபாப் ஆறிக் கிடந்தது. கோப்பி சுமார். "உப்பு சரியா இருக்கு" என்றார் அம்மா. அவரிடம் அதற்கு மேல் பாராட்டு வாங்கியவர் யாருமில்லை.

சுவரில்தான் சிக்கல். துரைமார் படங்கள், புலித்தோல், டென்னிஸ் மட்டை, "பொற்காலம்" என்று ஒரு பலகை. பால் வெட்டியவர்கள் ஒரே ஒரு படத்தில், பெயரில்லாமல், பின்வரிசையில். கோழி சாப்பை இங்கே கொண்டுவந்த ஹைனான் தீவுச் சீனச் சமையல்காரர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பணியாளைக் கூப்பிட மேசைக்கு மேசை பித்தளை மணி வேறு. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி கேட்டு இருட்டில் ஓடியவர் அம்மா. மேசை மணியைத் தொடவேயில்லை, கையைத்தான் ஆட்டினார்.

கடை நடத்தும் தம்பியிடம் இந்தச் சுவரைப் பற்றிக் கேட்டேன். மரியாதையான பையன். "அண்ணே, அது அந்தக் காலம். இப்ப உள்ள நியாயத்த வச்சி அளக்கக் கூடாதுண்ணே" என்றார்.

சரி, அந்தக் காலத்து நியாயத்தை வைத்தே அளப்போம். 1941-இல் இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளிக்கு நிகரான சம்பளம் கேட்டார்கள். பெண்களிடம் வாலாட்டக் கூடாது, கள்ளுக்கடையை மூட வேண்டும், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக் கூடாது என்றார்கள். கொடுமைக்கார ஆசிய ஊழியர்களை நீக்கவும் சொன்னார்கள். ஆக, வெள்ளைத்தோலை மட்டும் திட்டிவிட்டு நாம் நழுவ முடியாது. மே மாதம் நாதனைப் பிடித்தார்கள், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். இது எதுவும் இன்றைக்கு நான் உட்கார்ந்து கண்டுபிடித்த நியாயமில்லை. அன்றைக்கே, தமிழில், வாய்விட்டுக் கேட்டது.

படங்களைக் கழற்று என்று நான் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்துக் கடைசித் துரையை அம்மாவே நல்ல மனுஷன் என்பார். அவர் சுவரிலேயே இருக்கட்டும். பக்கத்தில் அந்தக் கோரிக்கைகளையும் மாட்டுங்கள். "பொற்காலம்" யாருக்கு என்று வருகிறவர்களே முடிவு செய்துகொள்வார்கள். தம்பி தலையாட்டினார், செய்வாரா பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் ஓட்டும் கூட்டம் வந்து இறங்குகிறது. முன்வாசல் போர்ட்டிக்கோ வரைக்கும் இறங்காமலே மிதித்துக்கொண்டு வருகிறார்கள், பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் மேசை கிடைக்காது. மற்ற நாளில் போங்கள், கோழி சாப் மட்டும் சொல்லுங்கள். கழிவறை சுத்தம். பெரியவர்களைக் கூட்டிப் போனால் பின்பக்கச் சரிவுப் பாதையைக் கேளுங்கள், முன்படி செங்குத்து.