கொடைக்கானலுக்குக் கேம்பர் வேன் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கேம்பர் வேன் எடுத்துக் குடும்பத்தோடு மலைக்குப் போகலாம் என்று இப்போது நிறையப் பேர் திட்டம் போடுகிறார்கள். வேனுக்குள்ளேயே கட்டில், சமையல் மேடை, டாய்லெட். பின்கதவைத் திறந்தால் மேகம். இன்ஸ்டாகிராமில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். நாங்களும் அப்படிப் பார்த்துத்தான் கோவையில் ஒருவரிடம் புக் செய்தோம். கடைசியில் பணம் போய், என் அத்தைக்குக் காய்ச்சல் வந்து, பிள்ளைகளை வைத்துக்கொண்டு பிரேக் சரியில்லாத வண்டியில் மலை இறங்கி வந்தோம். வழக்கு நடப்பதால் அந்த ஆளின் பெயரைப் போடவில்லை. இதே முறையில் தொழில் செய்கிறவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அதனால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

படத்தில் காட்டிய வண்டியின் நம்பரை வைத்துத்தான் இ-பாஸ் எடுத்திருந்தோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். வண்டி நம்பர், எத்தனை பேர், எங்கே தங்கப்போகிறீர்கள் எல்லாம் அதில் கேட்கிறார்கள். கிளம்புகிற காலையில் வாசலில் வந்து நின்றது வேறு வண்டி. "அது சர்வீஸ்ல நிக்குதுங்க மேடம். இதுவும் அதே மாதிரிதானுங்க" என்றார். வாடகை, டெபாசிட் 15,000 எல்லாவற்றையும் முந்தின இரவே ஜிபேயில் வாங்கிவிட்டார். பிள்ளைகள் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். சாவியைக் கொடுக்கும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "வழியில யாராச்சும் கேட்டா சொந்தக்காரங்க வண்டின்னு சொல்லிருங்க."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால், எந்த ஊராக இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வண்டியில் இருந்தது வெள்ளை போர்டு, கறுப்பு எழுத்து. அது சொந்த உபயோக வண்டிக்கு உரியது. டிரைவரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் போர்டு, கறுப்பு எழுத்து. நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்பு போர்டு, மஞ்சள் எழுத்து. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுவது மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் இல்லாமல் ஓட்டுகிற குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கு விடக்கூடாது என்பது நிபந்தனை. கொண்டை ஊசி வளைவில் ஏதாவது ஆகிவிட்டால், அதைக் காட்டியே கிளெய்மை மறுக்கலாம். கடைசியில் ஸ்டீயரிங்கில் இருந்தவரும் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். பொய் சொல்லச் சொல்கிறவர் அந்தச் சுமையைத்தான் நம் தலையில் ஏற்றி அனுப்புகிறார்.

மத்திய அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டால் எந்த வகை வண்டி, எஃப்சி (தகுதிச் சான்று) எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே நம்பரைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

பழநி வழியாக ஏறிப் பெருமாள்மலை தாண்டி, வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே உள்ள சுங்கச்சாவடிக்கு வந்தோம். இ-பாஸில் இருந்த நம்பரும் வண்டி நம்பரும் ஒத்துப்போகவில்லை. ஓரம் கட்டச் சொன்னார்கள். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்க, கொழுந்தனார் போனில் புது பாஸ் எடுக்க ஆரம்பித்தார். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. இதற்கிடையில் பிளாஸ்டிக் சோதனை. வேன்காரர் "காம்ப்ளிமென்டரி" என்று வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களுக்கு, ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் என்று பசுமை வரி எங்கள் கையிலிருந்து போனது. (ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டில்களுக்கு அங்கே தடை. இது சின்ன விஷயம்தான். ஆனால் மலைக்கு வண்டி அனுப்பியே பிழைக்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்?)

அடுத்து, தங்கும் இடம். "மன்னவனூர்ல நம்ம டை-அப் கேம்ப் சைட் இருக்குதுங்க, கரண்ட் கனெக்‌ஷன், பாத்ரூம் எல்லாம் உண்டு" என்று சொல்லியிருந்தார். இடத்தின் பெயரையும் லொகேஷனையும் கேட்டபோதெல்லாம் "பூம்பாறை தாண்டுனதும் கூப்பிடுங்க, அனுப்பறேன்" என்றே சொன்னார். கூப்பிட்டோம், அனுப்பினார். மன்னவனூருக்கு வெளியே பொழுது சாயும் நேரத்தில் அந்தப் புள்ளியில் போய் நின்றால், அது ஒரு கேரட் காடு. படிப்படியாக வெட்டின பாத்தி, ஒரு பம்ப் ரூம், அவ்வளவுதான். மேலே ஓட்டு வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் டார்ச்சோடு இறங்கி வந்தார். "இப்படித்தாங்க இதுக்கு முன்னாலயும் ஒரு வண்டி வந்து நின்னுச்சு. அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார். வேன்காரருக்குப் போன் செய்தோம். முதலில் எடுக்கவில்லை, அப்புறம் சுவிட்ச் ஆஃப்.

ரோட்டோரமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னதற்குப் பெரியவர் விடவில்லை. ராத்திரியில் காட்டுமாடு அந்த வழியாகத்தான் காட்டிலிருந்து இறங்குமாம். அங்கே காடும் வயலும் அடுத்தடுத்து இருக்கின்றன; 2013-லேயே கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவித்துவிட்டார்கள். வனத்துறை நிலத்தில் நிறுத்தித் தங்குவதோ தீ மூட்டுவதோ குற்றம். தனியார் நிலத்தில் டென்ட் போட்டுத் தங்கவைப்பதற்கும் அனுமதி இல்லை என்று மாவட்ட நிர்வாகம் பலமுறை எச்சரித்து, கூடாரங்களைப் பிரித்தும் இருக்கிறது. ஆகவே "லேக் வியூ கேம்ப் சைட்" என்று விளம்பரம் பார்த்தால், உரிமம் எங்கே, நிலத்துக்காரர் யார் என்று கேட்டே ஆக வேண்டும். மழையில் வரப்பு இளகியிருக்கிறது, ஓரத்தில் நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அந்தப் பெரியவர் தன் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்த வைத்தார். குளிருக்குச் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் நீட்டிய பணத்தை அவர் வீட்டு அம்மா வாங்கவே இல்லை.

வண்டிக்குள் கதை இன்னும் மோசம். கெமிக்கல் டாய்லெட்டை முன்னால் எடுத்தவர்கள் போனபின் சுத்தமே செய்யவில்லை. கதவைத் திறந்ததும் பிள்ளைகளில் பெரியவள் வாந்தி எடுத்துவிட்டாள். ஹீட்டர் உண்டு என்று சொன்னது ஒரு சாதாரண 1,500 வாட் ரூம் ஹீட்டர். கட்டிலுக்கு அடியில் இருந்ததோ 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி ஒன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: புது பேட்டரியாக இருந்தாலும் 1,800 வாட்-மணிதான் அதில் நிற்கும். முழுசாக எடுத்தாலும் ஒன்றே கால் மணி நேரம்கூட ஹீட்டர் ஓடாது. இருந்த பழைய பேட்டரிக்குப் பத்து நிமிடத்தில் உயிர் போய்விட்டது. கரண்ட் கனெக்‌ஷன் இல்லாத இடத்தில் பேட்டரியை நம்பி ஹீட்டர் ஓடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எனக்கு இன்னும் ஆறாதது அதற்கப்புறம் நடந்தது. ராத்திரி ஒருவழியாகப் போனை எடுத்த வேன்காரர், குளிருகிறது என்றதும், "பின்னாடி பார்பிக்யூ அடுப்பு இருக்குதுங்க, கரியப் பத்தவெச்சு உள்ள வெச்சுக்கங்க, கதகதன்னு இருக்கும்" என்றார். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் கரி நெருப்பு! அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது; தூக்கத்திலேயே உயிர் போய்விடும். 2024-இல் கொடைக்கானலிலேயே அறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் இறந்தது செய்தியில் வந்ததே. இதுவரை சொன்ன எல்லாவற்றையும் பேராசை என்று விட்டுவிடலாம், இதை விட முடியாது. அத்தையையும் பிள்ளைகளையும் பெரியவர் வீட்டுக்குள் படுக்க வைத்துவிட்டோம். அப்படியும் அத்தைக்கு விடியும்போது காய்ச்சல்.

மறுநாள் இறங்கும்போது கியர் குறைத்து, இரண்டாவதிலேயே வந்தும் பிரேக் கருகுகிற வாசனை. பெருமாள்மலையில் ஒரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பேட் தகடு வரை தேய்ந்திருக்கிறது என்று சொன்னார். மாற்றியதும் எங்கள் செலவில்தான். ஊருக்கு வந்து வண்டியை ஒப்படைத்தால், இடது பக்கம் கீறல் என்று டெபாசிட்டில் 8,000 பிடித்தம். நல்லவேளை, வாங்கும்போதே கொழுந்தனார் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்து வைத்திருந்தார். அதே கீறல் அதில் தெளிவாக இருக்கிறது. வீடியோவைக் காட்டினோம். முந்தின வாரம் வரை "மேடம்" என்றவர், "போய் எங்க வேணா கம்ப்ளெய்ண்ட் குடும்மா" என்று எழுந்து போய்விட்டார்.

குடுத்தோம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு அவர் பதிலே போடவில்லை. பிறகு நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமலே ஆன்லைனில் போட்டோம். வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ரசீது, மெக்கானிக் பில், வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறோம். அதனால் எதையும் போனில் பேசி முடிக்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

அந்த வேன்காரரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயரை இப்போது மாற்றிவிட்டார்கள். அதே படங்கள், பூப்போட்ட அதே திரைச்சீலை, புதுத் தலைப்பு: "அவலாஞ்சி காட்டுக்குள் கேம்பர் வேன் நைட் ஸ்டே." நீலகிரியில் இருக்கும் அவலாஞ்சியில் காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் கூட்டிப் போவார்கள். சொந்த வண்டியே உள்ளே போகாது, இதில் ராத்தங்கல் வேறு.