காதலை எடுத்துவிட்டால் கதை நிற்குமா? ஆறு டிஸ்டோப்பியன் தொடர்கள், ஒரு ஜூன் விடுமுறை

ஜூன் விடுமுறை தொடங்கிய சனிக்கிழமை அக்கா மகளைச் சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டார நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். உயர்நிலை இரண்டு படிக்கிறாள். இளையர் பகுதிக்குள் போனவள் அரை மணி நேரம் கழித்து, ஆறு தடிப் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஆறும் ஆறு தொடர்களின் முதல் பாகங்கள். "எதை முதல்ல படிக்கட்டும் சித்தி?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் புத்தக அட்டைகளைப் புரட்டிப் பார்த்த அக்கா கேட்டது வேறு: "எல்லாம் லவ் கதைதானே?"

இரண்டு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று ஆறையும் நானே படித்தேன். சூசன் காலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்', ஆலி காண்டியின் 'மேட்ச்டு', வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்', லாரன் ஆலிவரின் 'டெலிரியம்', மேரி லூவின் 'லெஜெண்ட்', கியரா காஸின் 'தி செலக்‌ஷன்'. 2008க்கும் 2012க்கும் இடையே தொடங்கிய தொடர்கள் இவை. எல்லாம் அமெரிக்க மண்ணில், கற்பனையான ஒரு கொடிய ஆட்சியின் கீழ் நடப்பவை, அதைத்தான் டிஸ்டோப்பியன் என்கிறார்கள். சொல்பவர்களுக்கு வயது பதினைந்து, பதினாறு, பதினேழு. ஆறிலும் காதல் உண்டு. விடுமுறைக்குள் முதல் பாகங்கள் முடிந்தன. மிச்சத்துக்கு ஆண்டு முடிவு வரை ஆயிற்று.

ஒப்பிட ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். கதையிலிருந்து காதலை உருவி எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஒன்றும் குறையாது என்றால் அங்கே காதல் வெறும் ஒட்டுவேலை. கதை மொத்தமும் சரிந்துவிழும் என்றால், எழுதியவர் காதலை எதற்காகவோ நம்பி எழுதியிருக்கிறார்.

இந்த அளவுகோலில் நேருக்கு நேர் நிற்பவை 'மேட்ச்டு'ம் 'டெலிரியமு'ம்தான். இரண்டிலும் யார் யாரை மணக்க வேண்டும் என்பதை அரசாங்கம் முடிவுசெய்கிறது. ஆனால் செய்யும் விதத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

'மேட்ச்டு'வில் எல்லாம் மென்மையாக நடக்கிறது. பதினேழு வயதில் ஒரு விருந்து. நல்ல உடை உடுத்தி, பெற்றோரோடு போய் உட்கார்ந்தால் உங்களுக்குப் பொருத்தமானவரின் முகம் திரையில் தெரியும். காசியாவுக்குத் தெரிவது சின்ன வயதுத் தோழன் ஸாண்டரின் முகம். ஊரே வாழ்த்துகிறது. வீட்டுக்கு வந்து அவனைப் பற்றிய தகவல் அட்டையைப் போட்டுப் பார்க்கும்போது, நொடி நேரம் வேறொரு முகம் தோன்றி மறைகிறது. அவன் பெயர் கை. தமிழில் எழுதும்போது அந்தப் பெயர் பொருளோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது, ஏனென்றால் அவளுக்குக் கையால் எழுதக் கற்றுக்கொடுப்பவன் அவன்தான்.

அந்த நாட்டில் யாருக்கும் கையால் எழுதத் தெரியாது. நூறு பாடல்கள், நூறு ஓவியங்கள், நூறு கவிதைகளை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிட்டார்கள். நூறு கவிதை! நம் குறுந்தொகை ஒன்றிலேயே நானூறு பாட்டு இருக்கிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். காசியாவின் தாத்தா, பட்டியலில் இல்லாத ஒரு கவிதையை மறைத்துவைத்து அவளிடம் விட்டுப்போகிறார். பிறகு குன்றின் மேல், குச்சியால் மண்ணில் கை ஒவ்வோர் எழுத்தாக எழுதிக்காட்ட, அவள் பக்கத்தில் எழுதிப் பழகுகிறாள். விஜயதசமியன்று கோயிலில் அப்பா என் விரலைப் பிடித்துத் தட்டிலிருந்த அரிசியில் 'அ' போடவைத்தது நினைவுக்கு வந்தது. விரல் நகத்துக்குள் அரிசி மாவு ஏறியிருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கற்றுக்கொடுப்பதையே காதலாக எழுதியதால் 'மேட்ச்டு'வின் முதல் பாகம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு அந்நியமில்லை. அக்கா கல்யாணம் பத்துப் பொருத்தம் பார்த்து நடந்ததுதான். அத்தானோடு நன்றாகத்தான் இருக்கிறாள். 1984ல் பட்டதாரிகள் சந்தித்துப் பழகுவதற்கென்றே அரசாங்கம் சமூக மேம்பாட்டுப் பிரிவைத் தொடங்கிய ஊர் இது. அதில் கட்டாயம் எதுவும் இல்லை, என்றாலும் அக்கறை இருந்தது. அதனால் 'மேட்ச்டு' படிக்கும்போது "என்ன கொடுமை இது" என்று நமக்குச் சட்டென்று கோபம் வராது. ஸாண்டர் நல்லவன். பொருத்தமும் சரிதான். அப்படியிருந்தும் ஒரு பெண் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று யோசிக்கவைக்கிறது. வில்லன் மாதிரி ஒரு மாப்பிள்ளையை வைத்து எழுதுவது சுலபம். ஆலி காண்டி அதைச் செய்யவில்லை.

'டெலிரியம்' இதற்கு நேரெதிர். அங்கே காதல் ஒரு நோய் என்று சட்டமே சொல்கிறது. பதினெட்டு வயதானால் அறுவை சிகிச்சை செய்து அந்த நோயைக் 'குணப்படுத்தி'விடுவார்கள். அதற்கு முன் ஒரு நேர்காணல், மதிப்பெண், அதை வைத்து மாப்பிள்ளைப் பட்டியல். லீனாவுக்குச் சிகிச்சைக்கு இன்னும் 95 நாள் இருக்கும்போது கதை தொடங்குகிறது. அவள் அந்த நாளுக்காக ஆசையோடு காத்திருக்கிறாள் என்பதுதான் முக்கியம். அவளுடைய அம்மாவுக்கு அந்தச் சிகிச்சை பலிக்காமல் போன கதை வீட்டில் அவமானமாகப் புதைந்து கிடக்கிறது. அம்மா மாதிரி ஆகிவிடக் கூடாது என்ற பயத்தில் வளர்ந்த பெண் அவள்.

காதலை நோய் என்று சொன்னால் தமிழ் வாசகர் திடுக்கிட மாட்டார். நாம் அதைச் சொல்லி ரொம்ப காலமாயிற்று. 'பிணிக்கு மருந்து பிறமன் அணியிழை தன்நோய்க்குத் தானே மருந்து' என்பது காமத்துப்பால். மற்ற நோய்க்கு மருந்து வேறெங்கோ இருக்கும். இவள் தந்த நோய்க்கு இவளே மருந்து. வள்ளுவர் நோயையும் மருந்தையும் ஒரே ஆளிடம் வைத்தார். லீனாவின் நாட்டில் மருந்தைப் பிடுங்கி மருத்துவமனையில் வைத்துவிட்டார்கள். அந்த நாட்டின் கொடுமை முழுவதும் எனக்கு அந்தக் குறள் வழியாகத்தான் பிடிபட்டது. ஊரைச் சுற்றி வேலி, வேலிக்கு அப்பால் காடு, காட்டிலிருந்து வந்த அலெக்ஸ். வேலி தாண்டிப் போய்விடலாம் என்று அவர்கள் திட்டம் போடும் பக்கங்களைப் படித்தபோது, பாலைத்திணைப் பாட்டில் வரும் உடன்போக்கு வேறொரு ஊரில் நடப்பதுபோல் இருந்தது.

எது சிறந்தது? முதல் பாகங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் 'டெலிரியம்' ஒரு படி மேல். வாக்கியங்களில் உயிர் அதிகம். கடலும் வெயிலும் லீனாவின் பயமும் பக்கத்தில் இருந்து பார்ப்பதுபோல் இருக்கின்றன. ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பிலும் அந்த நாட்டு விதிநூலிலிருந்தோ பாட்டிலிருந்தோ ஒரு துண்டு வரும். ஓர் அரசாங்கம் குழந்தைகளின் காதில் என்ன ஓதுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். இரண்டாம் பாகத்தில் இரண்டுமே தடுமாறுகின்றன. 'மேட்ச்டு' பள்ளத்தாக்குகளில் அலைந்து அலைந்து களைத்துப்போகிறது. 'டெலிரியம்' இன்னொரு பையனைக் கொண்டுவந்து முக்கோணம் போடுகிறது. அது தேவையில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். அளவுகோலுக்கு வருவோம். 'மேட்ச்டு'வில் காதலை எடுத்தாலும் அழிக்கப்பட்ட கவிதைகளின் கதை மிஞ்சும். 'டெலிரியத்'தில் காதலை எடுத்தால் அந்த நாடே இல்லை.

அடுத்த ஜோடி 'டைவர்ஜென்ட்', 'லெஜெண்ட்'. இரண்டும் பரீட்சைக் கதைகள். இங்கே நான் நடுநிலையாக எழுத முடியாது.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் முடிவு வந்த அன்று பள்ளி மண்டபத்தில் நின்றது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. எனக்கு வயது பன்னிரண்டு. மதிப்பெண் குறைந்தவர்களுக்கான வழக்கநிலைப் பிரிவுக்குப் போகச் சொன்னது அந்தத் தாள். அப்பா திட்டவில்லை. திரும்பிவரும் பேருந்தில் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்துவிட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அந்த மடிப்பின் சத்தம் பல வருடம் என்னோடு வந்தது. இன்று பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவுகள் இல்லை. 2024லிருந்து உயர்நிலை ஒன்றில் சேர்வோர் ஜி1, ஜி2, ஜி3 என்று பாடத்துக்குப் பாடம் தங்கள் நிலையில் படிக்கிறார்கள். அக்கா மகளுக்கு 'வழக்கநிலை' என்ற சொல்லையே நான் விளக்க வேண்டியிருந்தது. அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

'டைவர்ஜென்ட்'டில் சிகாகோ நகரம் ஐந்து குழுக்களாகப் பிரிந்திருக்கிறது. பதினாறு வயதில் ஒரு சோதனை. தன்னலமின்மை, அமைதி, நேர்மை, துணிச்சல், அறிவு ஆகிய ஐந்தில் எது உன் குணம் என்று சொல்லும். டிரிஸ் எதிலும் அடங்கவில்லை. பரபரவென்று ஓடும் கதை. ஓடும் ரயிலில் ஏறுவதும் குதிப்பதும் பையன்களையும் பிடித்திழுக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தச் சோதனை ஆலோசனைதான் சொல்கிறது. எந்தக் குழுவில் சேர்வது என்று மேடையில் நின்று தேர்ந்தெடுப்பவள் டிரிஸ். பன்னிரண்டு வயதில் எனக்கு அந்த மேடை கிடைக்கவில்லை. அதனால்தான் 'டைவர்ஜென்ட்' என்னைத் தொடவில்லை போலும். பயிற்சியாளனாக வரும் ஃபோரோடு டிரிஸுக்கு உருவாகும் உறவு நன்றாகவே இருக்கிறது. அவளுடைய பயங்களின் பட்டியலில் நெருக்கமும் ஒன்று என்று வெளிப்படையாக எழுதியது துணிச்சல். மூன்றாம் பாகத்தில் மரபணு விளக்கம் என்று இழுத்து, முதல் பாகத்தின் வேகத்தை இழந்துவிட்டார்கள்.

'லெஜெண்ட்' அப்படியில்லை. அங்கே பரீட்சை பத்து வயதில். மொத்தம் 1500 மதிப்பெண். ஜூன் என்ற பெண் முழு 1500ம் வாங்கியவள். பணக்காரப் பகுதி, ராணுவக் குடும்பம். டே என்பவன் ஏழைப் பகுதிப் பையன், பரீட்சையில் தோற்றவன் என்று முத்திரை குத்தப்பட்டவன், நாடே தேடும் குற்றவாளி. அத்தியாயத்துக்கு அத்தியாயம் இருவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். தோற்றவன் என்று சொல்லப்பட்டவன் ஒரு கட்டடத்தின் மேல் எப்படி ஏறுகிறான், எதை எதைக் கணக்குப் போடுகிறான் என்று படிக்கும்போது என் தொண்டை அடைத்தது. அவன் மூளையின் வேகம் ஜூனுக்குப் புரியும்போது காதல் தொடங்குகிறது. 'உனக்குப் போட்ட மதிப்பெண் தப்பு' என்று ஒருவர் கண்டுகொள்வதுதான் இங்கே காதல். இதை உருவிவிட்டால் வெறும் துரத்தல் கதைதான் மிஞ்சும். சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கலாம் என்றால் யோசிக்காமல் 'லெஜெண்ட்'டைக் கொடுப்பேன்.

'ஹங்கர் கேம்ஸ்' பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பலரும் படமாகவாவது பார்த்திருப்பீர்கள்: குலுக்கலில் எடுத்த பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிட்டு, அதைத் தொலைக்காட்சியில் காட்டும் நாட்டின் கதை. படத்தில் அழுத்தமாகப் பதியாத ஒன்று புத்தகத்தில் இருக்கிறது: கணக்கு. வருடத்துக்கு ஓர் ஆளுக்கான தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால், சாவுக் குலுக்கலில் பெயரை இன்னொரு தடவை போட வேண்டும். அப்படிச் சேர்ந்து சேர்ந்து நாயகி காட்னிஸின் பெயர் 20 தடவை, அவள் தோழன் கேலின் பெயர் 42 தடவை. பசித்த வீட்டுப் பிள்ளைக்குச் சாகும் வாய்ப்பு அதிகம் என்பதை இரண்டே எண்ணில் சொல்லிவிட்டார் சூசன் காலின்ஸ். காதலும் அங்கே கேமராவுக்காகத் தொடங்குகிறது. பார்ப்பவர்கள் உருகினால்தான் உதவி வரும். எது நடிப்பு, எது நிஜம் என்று காட்னிஸுக்கே தெரியாமல் போவதுதான் அந்த மூன்று பாகத்திலும் ஓடும் வலி. காதலை எடுத்தாலும் கதை நிற்கும், ஆனால் நொண்டும். ஆறில் முழுத் தொடராகக் கடைசிவரை தரம் குறையாதது இதுதான்.

'தி செலக்‌ஷன்' எனக்கு உறுத்தலாக இருந்தது. இளவரசனுக்குப் பெண் தேட 35 பெண்களைக் கூட்டிவந்து தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். பட்டும் நகையும் விருந்துமாக, படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. அக்கா மகள் ஒரே இரவில் முடித்தாள். ஆனால் அந்த நாட்டில் எட்டுச் சாதிகள். ஆசிரியர் பயன்படுத்தும் சொல்லே அதுதான். கலைஞர்கள் ஐந்தாம் எண், வேலைக்காரர்கள் ஆறு, வீடில்லாதவர்கள் எட்டு. கணவனின் எண் மனைவிக்கு வந்துவிடும். ஐந்தில் பிறந்த அமெரிக்கா என்ற நாயகி, ஆறில் பிறந்த ஆஸ்பெனைக் காதலிக்கிறாள், இறங்கிப் போகவும் தயாராக இருக்கிறாள்.

இந்த இடத்தில் ஒரு தமிழ் வாசகி நின்றுவிடுவாள். சாதி தாண்டிக் காதலித்தவர்களுக்கு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஊரிலிருந்து வரும் செய்திகளில் வருடம் தவறாமல் படிக்கிறோம். அது எண்ணை மாற்றிக்கொள்வது போன்ற காரியம் இல்லை. கதையில் அந்த எட்டு எண்ணும் நாட்டைத் தொடங்கிய ஒரே மனிதர் போட்டுவைத்தவை, அதனால் ஒரு ராஜா மனம் வைத்தால் எடுத்துவிடலாம். நாம் அறிந்த சாதிக்கு அப்படி ஓர் ஆரம்பக் கையெழுத்து கிடையாது. இதை அக்கா மகளிடம் சொன்னேன். "அப்ப நம்ம வீட்டுல சாதி இருக்கா சித்தி?" என்று கேட்டாள். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா குழாயை மூடினாள். அன்றிரவு மூவரும் பதினொன்றரை வரை பேசிக்கொண்டிருந்தோம். தாத்தா எதற்காகச் சில கல்யாணங்களுக்குப் போகவில்லை என்பது வரை போயிற்று பேச்சு.

ஆகவே அக்காவுக்கு என் பதில்: ஆமாம், எல்லாம் லவ் கதைதான், நீயும் படி. அக்கா மகளுக்குச் சொன்ன வரிசை: முதலில் 'லெஜெண்ட்', பிறகு 'ஹங்கர் கேம்ஸ்' மூன்று பாகமும் விடாமல், அதன் பின் 'டெலிரியம்', 'மேட்ச்டு' இரண்டையும் அடுத்தடுத்து. 'டைவர்ஜென்ட்' ரயில் பயணத்துக்கு. 'தி செலக்‌ஷன்' கையில் எடுத்தால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும், கேள்வி வரும்.

அவள் என் வரிசையைக் கேட்கவில்லை. 'தி செலக்‌ஷனி'ல் தொடங்கி 'மேட்ச்டு'க்குத் தாவினாள். போன வாரம் அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், புத்தகத்துக்குள் அவள் அடையாளத்துக்கு வைத்திருந்த தாளை உருவினேன். பழைய துணைப்பாடத் தாளின் பின்பக்கம். பென்சிலில், கோணல்மாணலாக, பாட்டி அடிக்கடி பாடும் ஒரு தாலாட்டின் நாலு வரியைத் தமிழில் எழுதியிருந்தாள். 'ஆராரோ'வில் ரகரத்துக்குப் பதில் றகரம். தாளை மடிக்காமல் அவள் மேசைமேல் வைத்துவிட்டு, புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன்.