எல்லையோரப் பூங்காவுக்கு இரண்டாவது விசா: 185,000 ரூபா போன விதம்

வியன்னாவில் இருக்கும் மகளிடம் போய்விட்டுச் சென்ற வியாழக்கிழமைதான் திருகோணமலைக்குத் திரும்பினேன். பயணக் களைப்புத் தீருமுன்பே இதை எழுதுகிறேன். இந்த நகரத்துப் பயண முகவர் ஒருவர், தேவையே இல்லாத ஒன்றுக்காக என்னிடம் 185,000 ரூபா வாங்கியிருக்கிறார்.

மகள் என்னை ஹார்டெக் என்னும் சிற்றூருக்குக் கூட்டிப்போக விரும்பினாள். அங்கே ஒஸ்திரியாவுக்கும் செக் குடியரசுக்கும் எல்லையாக ஓடும் தாயா ஆற்றின் பள்ளத்தாக்கை, இரு நாடுகளும் கரைக்கொன்றாக இரண்டு தேசியப் பூங்காக்களாக்கிக் காக்கின்றன. செக் கரையின் பொடியீ 1991இலும் ஒஸ்திரியக் கரையின் தாயாடால் 2000இலும் உருவானவை. இதை முகவரிடம் வாய்விட்டுச் சொன்னதுதான் நான் செய்த பிழை. அவர் மேசையில் வரைபடத்தை விரித்து, ஆற்றின் மேலேயே சிவப்புப் பேனையால் கோடிழுத்து, "பாருங்கோ ரீச்சர், பாலத்தின்ர நடுவில எல்லை. அங்கால கால் வைக்கிறதெண்டால் செக் விசா வேறயா எடுக்கவேணும், பூங்காவுக்கும் அனுமதி வேணும்" என்றார். நான் படிப்பித்த பிள்ளையின் தம்பி அவர். தேநீர் வரவழைத்துத் தந்தார். மழை தூறியபோது குடை பிடித்து முச்சக்கரவண்டிவரை கொண்டுவந்து விட்டார். ஓய்வூதியத்தில் சேர்த்த பணத்தை மறுநாளே எண்ணிக் கொடுத்தேன். கடவுச்சீட்டில் ஒரு விசாதானே ஒட்டியிருக்கிறது என்று பிறகு கேட்டதற்கு, மற்றது கணினியில் இருக்கிறது என்றார். அதையும் நம்பினேன்.

கிழக்கு ஐரோப்பாவையும் மேற்கு ஐரோப்பாவையும் பிரித்துவைத்த இரும்புத்திரைக் காலத்தில் மூடிக்கிடந்து 1990இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் காவலரும் இல்லை, சாவடியும் இல்லை. பிளாஸ்டிக் உறையிட்ட 'அனுமதிப் பத்திரத்தை' யாரிடம் காட்டுவதென்று தெரியாமல் நான் நிற்க, முதியவர் ஒருவர் நாயோடு செக் கரைக்கு நடந்து போனார். மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒரே விசாவில சுத்தக்கூடிய ஐரோப்பிய நாடுகளின்ர கூட்டுத்தான் ஷெங்கன். செக் 2007இலயே அதுக்குள்ள வந்திட்டுது. ஒரு விசா ரெண்டுக்கும் காணும். இந்தக் காட்டுப் பாதையில நடக்க ஆரும் காசு கேக்கிறேல்லை" என்றாள். ஆறு அழகாகத்தான் ஓடியிருக்கும். எனக்கு 185,000 ரூபாதான் கண்ணில் நின்றது.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். அவர் கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். உள்ளறையில் அவருடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது. சனிக்கிழமை, பணம் 'மேலிடத்துக்கு' அனுப்பியாயிற்று, திரும்பாது என்றார். திங்கட்கிழமை, "உங்கட பாதுகாப்புக்குத்தானே ரீச்சர் எடுத்தது, பிரச்சினை ஒண்டும் வரேல்லைத்தானே?" என்று என்னையே கேட்டார். பற்றுச்சீட்டை நீட்டினேன். அதில் 'சேவைக் கட்டணம் 185,000' என்பதற்கு மேல் ஓர் எழுத்தும் இல்லை.

விரிவான ஆலோசனை எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. ஷெங்கன் விசாவுக்கு வளர்ந்தவர் கட்டும் தொகை 90 யூரோ. அதைத் தூதரகத் தளத்தில் நீங்களே பாருங்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதாத பற்றுச்சீட்டை வாங்காதீர்கள். தெரிந்த பிள்ளை என்று கேள்வியை விழுங்காதீர்கள். மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன், ஒன்பது மணிக்குக் கடை திறந்துவிடும்.