510 கிராம் தொல்லை: மூங்கில் ஷினாயா, கார்பன் ஷினாயா?

விலை இறங்கியிருக்கிறதே, கார்பன் ஷினாய் வாங்கிவிடலாமா என்று கெண்டோ (ஜப்பானிய வாள்வீச்சு) ஆடும் நண்பர் ஒருவர் கேட்டார். ஷினாய் என்பது வாளுக்குப் பதில் பிடிக்கும் கழி; நான்கு பத்தைகளைச் சேர்த்துத் தோலாலும் கயிற்றாலும் கட்டியது. வழக்கமாக மூங்கில், இப்போது கார்பன் இழையிலும் வருகிறது. பதில் ஒரே வரிதான். ஆனால் அதற்கு முன்னால் 510 கிராமைப் பற்றிப் புலம்பித் தீர்த்தாக வேண்டும்.

1970-இல் தொடங்கிய சர்வதேச கெண்டோ சம்மேளனத்தின் விதிப்படி, வயது வந்த ஆணின் ஷினாய் 120 செ.மீ.-க்கு மேல் நீளக்கூடாது, 510 கிராமுக்குக் கீழே இறங்கக்கூடாது. பெண்களுக்கு எடை 440 கிராம். நுனியின் விட்டம் ஆணுக்குக் குறைந்தது 26 மி.மீ., பெண்ணுக்கு 25. கைப்பிடித் தோலும் நுனித்தோலும் கயிறும் எடையில் சேரும், ட்ஸுபா (கைப்பிடிக்கு மேலே மாட்டும் கைக்காப்பு வட்டு) சேராது. வீட்டுத் தராசில் ட்ஸுபாவோடு நிறுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்பவர்கள் போட்டியன்று காலையில் முழிப்பது இதனால்தான்.

மூங்கில் சும்மா இருக்கும்போதும் எடை இழக்கும். கடையில் 514 காட்டியது, ஏசி அறையில் சில வாரம் கிடந்தால் ஈரம் வற்றி 510-ஐத் தாண்டிக் கீழே போய்விடும். சிலாம்பு கிளம்பும் இடத்தைச் செதுக்குகிறோம், உப்புத்தாள் போடுகிறோம். அதிலும் கொஞ்சம் போகும். ஆக, ஒழுங்காகப் பராமரிக்கிறவனுடைய ஷினாய்தான் முதலில் தராசில் தோற்கும்! குறைந்ததை ஈடுகட்ட உள்ளே எதையும் திணிக்கவும் முடியாது. நுனி ரப்பரும், நான்கு பத்தைகளையும் பிடித்துவைக்கும் சிகிரி என்ற சின்ன உலோகத் தகடும் தவிர உள்ளே வேறு எதுவும் இருக்கக்கூடாது. விதிக்குப் புறம்பான ஷினாயோடு ஆடுவது தெரிந்தால் ஆட்டம் போயிற்று: எதிராளிக்கு இரண்டு புள்ளி, நாம் அதுவரை எடுத்ததெல்லாம் ரத்து.

விதியைக் குறை சொல்வதும் நியாயமில்லை. எடை குறைந்தால் கை வேகம் கூடும், பத்தை மெலிந்தால் சீக்கிரம் உடையும். நுனி ஒல்லியானால் முகக் கவசக் கம்பிகளுக்கு நடுவே புகுந்து கண்ணைப் பதம்பார்க்கும். கைப்பக்கம் தடித்து நுனி மெலிந்த தோபாரி வடிவத்தை மேலும் மேலும் ஒல்லியாக்கிக்கொண்டே போனார்கள். ஜப்பான் சம்மேளனம் 2019-இல் நுனியிலிருந்து 8 செ.மீ. தள்ளியும் அளக்க ஆரம்பித்தது: ஆணுக்கு 21 மி.மீ., பெண்ணுக்கு 20. சரியான முடிவு. எரிச்சல் விதிமேல் இல்லை, 510-ஐ உரசிக்கொண்டு நிற்கும்படி செய்து விற்கிறார்களே, அவர்கள்மேல்.

செய்யக்கூடியது இது. வாங்கும்போதே 525 கிராமாவது இருக்கட்டும். கடைக்காரர் சொல்லும் எடை வெறும் மூங்கிலுக்கா, தோல் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வந்ததும் கயிற்றை அவிழ்த்துப் பத்தைகளைப் பிரித்து, துணியில் தொட்ட எண்ணெயை மெல்லிசாக ஒவ்வொன்றிலும் தடவுங்கள். கமேலியா எண்ணெய், அக்ரூட் எண்ணெய் எதுவானாலும் சரி. நிழலில் ஓரிரு நாள் வைத்து, மிச்சத்தைத் துடைத்து, பத்தைகள் ஒன்றோடொன்று உரசும் விளிம்புகளில் மெழுகு தேயுங்கள். பெரும்பாலான சிலாம்பு அந்த விளிம்பில்தான் கிளம்பும். எண்ணெயில் ஊறப்போட வேண்டாம். அது தோலில் இறங்கினால் பிடி வழுக்கும். தராசில் இன்னும் ஐந்தாறு கிராம் இடித்தால் தடித்த கைப்பிடித் தோல் மாற்றலாம். அது கைப்பக்கமே சேரும் எடை என்பதால் வீசும்போது அவ்வளவாகத் தெரியாது.

நகயுயி என்ற, பத்தைகளைச் சுற்றிக் கட்டும் தோல் வார் தனித் தலைவலி. நுனியிலிருந்து மொத்த நீளத்தில் கால் பங்கில் அது நிற்க வேண்டும். அடி புள்ளிக்குச் செல்லுபடியாகும் பகுதி அங்கிருந்து நுனிவரைதான். கயிறு தளர்ந்தால் அதுவும் நழுவும். வாரை மட்டும் இழுத்துக் கட்டிப் பயனில்லை, முதலில் கைப்பிடிப் பக்கம் கயிற்றை இறுக்கிவிட்டு வாருக்கு வாருங்கள். தண்ணீரில் நனைத்துக் கட்டினால் காய்ந்ததும் இறுகிக்கொள்ளும். நுனித்தோலில் கிழிசலோ ஓட்டையோ தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். அதில் மட்டும் சிக்கனம் ஆகாது, பத்தை வெளியே வந்தால் எதிரே இருப்பவரின் கண்.

கார்பனில் இந்தப் பாடு எதுவும் இல்லை. ஈரம் ஏறாது, வற்றாது. இன்று காட்டும் எடையைத்தான் அடுத்த வருடமும் காட்டும். எண்ணெய் வேண்டாம், செதுக்கவும் கூடாது. மேல்பூச்சு விரிந்து உள்ளிருக்கும் கறுப்பு இழை தெரிந்தால் அந்தப் பத்தையை அப்போதே கழித்துவிட வேண்டும். அதை உப்புத்தாளால் தேய்த்து ஒப்பேற்றப் பார்ப்பவரோடு பயிற்சிக்கு நிற்காதீர்கள். தோலும் கயிறும் மாற்றும் வேலை இதிலும் உண்டு. விலை மூங்கிலைப் போலப் பல மடங்கு என்றாலும், வாரம் நான்கு நாள் அடிப்பவருக்குக் கணக்கு கார்பன் பக்கம்தான் சாயும்.

ஆனாலும் மூங்கிலையே வாங்குங்கள் என்பேன். கார்பனின் அடி மணிக்கட்டில் விறைப்பாக இறங்குகிறது, சத்தம் பிளாஸ்டிக் வாளியைத் தட்டியதுபோல இருக்கிறது. மேலே சொன்ன நியாயம் எதற்கும் இது பொருந்தாது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். 39 அளவு (பெரியவர்களுக்கான நீளம்), 525 கிராமுக்கு மேல், ஒரே சமயத்தில் இரண்டாக வாங்குங்கள். போட்டிக்கு முந்தின இரவு இரண்டையும் ட்ஸுபா கழற்றி நிறுத்துப் பார்த்து, குறைந்ததைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள்.