மடிப்பாக்கத்து வீட்டை டாலஸில் இருந்து வாடகைக்கு விட்ட கதை

ஜனவரியில் மூன்று வார விடுப்பில் சென்னைக்குச் சென்றிருந்தபோது, மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் இரண்டு படுக்கையறை வீட்டுக்காக ஒன்பது நாட்கள் செலவாயின. ஆறு ஆண்டுகளாக அது வாடகையில் இருக்கிறது. நான் டாலஸில் இருக்கிறேன். வீட்டைக் கவனிக்க யாரை அமர்த்துவது, எந்தக் காகிதத்தை நேரில் போய் முடிப்பது என்று கேட்கும் நண்பர்களுக்காக, எனக்குக் கிடைத்த சேவைகளைப் பற்றிய விவரத்தை இங்கே எழுதுகிறேன். பொங்கல் நாட்களிலும் 26ஆம் தேதியும் அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதை டிக்கெட் எடுக்கும்போது நான் யோசிக்கவில்லை. அலுவலக வேலை இருப்பவர்கள் ஜனவரியைத் தவிர்ப்பது நல்லது.

முதலில் ஒழுகலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குளியலறைக்கு நேர் கீழே உள்ள வீட்டின் கூரையில் ஈரம் பரவுவதாக ஓராண்டாகவே புகார் இருந்தது. மாத வாடகையில் எட்டு விழுக்காடு பெற்றுக்கொண்டு வீட்டைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்திடம் பொறுப்பை விட்டிருந்தேன். அவர்கள் இருமுறை "சரிசெய்யப்பட்டது" என்று புகைப்படத்துடன் அறிக்கை அனுப்பி, இருமுறையும் பணம் வாங்கிக்கொண்டார்கள். நேரில் போய்க் குளியலறையில் நின்று கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்தபோதுதான், படத்தில் இருந்த தரை நீல நிறம், எங்கள் தரை வெள்ளை என்பது கண்ணில் பட்டது. அது வேறு யாருடைய குளியலறையோ! அடுக்ககச் சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற பெரியவர், தமக்குத் தெரிந்த பிளம்பர் ஒருவரை அழைத்து வந்தார். பிளம்பர் தரையில் தண்ணீர் இறங்கும் இடத்தில் உள்ள நாணி டிராப் என்ற வடிகால் கிண்ணத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சார், நாணி டிராப்பே விட்டுப்போயிருக்கு. மேல சிமெண்ட் பூசி என்ன பிரயோஜனம்?" என்றார். சுற்றியிருந்த டைல்ஸை உடைத்து, பழைய டிராப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, நீர்க்கசிவு தடுக்கும் கலவை பூசி, ஒரு முழு நாள் தண்ணீரைத் தேக்கி வைத்துச் சோதித்த பிறகுதான் கூலி வாங்கினார். அந்தத் தொகை, நிறுவனம் இரண்டு தவணைகளில் வாங்கியதைவிடக் குறைவு.

இதிலிருந்து நிறுவனமே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. குடியிருப்பவர் தேடுவதிலும், வாடகை தவறாமல் வருகிறதா என்று பார்ப்பதிலும் அவர்கள் ஒழுங்காகவே இருந்தார்கள். பழுது பார்க்கும் வேலையை மட்டும் அவர்களிடமிருந்து பிரித்து, ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட எந்த வேலையையும் செயலாளர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகே பணம் என்று ஒப்பந்தத்தில் மாற்றி எழுதினேன். புகைப்படத்துக்குப் பதிலாக, வீட்டு வாசலில் உள்ள கதவு எண்ணில் தொடங்கி உள்ளே போகும் காணொளி வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அவர்கள் முகம் சற்றுச் சுருங்கியது, ஆனால் கையெழுத்திட்டார்கள்.

அடுத்தது, நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரம். முன்பு அமெரிக்காவிலேயே நோட்டரி முன் கையெழுத்திட்டு, ஆவணம் வேறு நாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் முத்திரை பெற்று மைத்துனருக்கு அனுப்பியிருந்தேன். வெளிநாட்டில் எழுதப்பட்ட பத்திரத்துக்கு, அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அது ஐந்து மாதம் பீரோவில் கிடந்தது. இம்முறை நேரிலேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் புதிய பத்திரத்தைப் பதிவு செய்தேன். புகைப்படம், விரல் ரேகை, இரண்டு சாட்சிகள் என்று ஒரு முற்பகலில் முடிந்தது. வாடகைக்கு விடுவது, ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது, வரியும் மின்கட்டணமும் கட்டுவது, சங்கக் கூட்டத்தில் கலந்துகொள்வது ஆகிய அதிகாரங்களை மட்டும் பெயர் சொல்லிக் கொடுத்தேன். விற்கும் அதிகாரமும் அடமானம் வைக்கும் அதிகாரமும் அதில் இல்லை. பத்திர எழுத்தர் தம்மிடமிருந்த மாதிரியில் அவற்றையும் சேர்த்தே அச்சிட்டு வந்திருந்தார். படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டிருந்தால் போயிருக்கும். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை, அதாவது வீட்டின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியலை, எங்கிருந்தும் பார்க்க முடியும் என்பதால், ஆண்டுக்கு இருமுறை பார்ப்பதை வழக்கமாக்கியிருக்கிறேன்.

வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் பலர் பதினொரு மாதக் கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற பழைய விதியிலிருந்து தப்பிக்க உண்டான வழக்கம் அது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தபின், எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பதிவானதும் ஓர் எண் கிடைக்கும். பின்னாளில் குடியிருப்பவர் காலி செய்ய மறுத்தால் வாடகை நீதிமன்றத்துக்குப் போக அந்த எண் வேண்டும். இருவருக்கும் வேறு உடன்பாடு இல்லாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகிய எங்கள் தரகருக்கு இது கசந்தது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது வரிப் பிடித்தம். வீட்டு உரிமையாளர் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்றால், வாடகை எவ்வளவு சிறிதானாலும், குடியிருப்பவர் அதில் 30 விழுக்காடும் அதன்மேல் 4 விழுக்காடு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 31.2 விழுக்காட்டைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். அதற்கு அவர், வரி பிடிப்பவர்களுக்கான டான் எண் ஒன்றை வாங்க வேண்டும், காலாண்டுதோறும் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பவர் மென்பொருள் ஊழியர். மாதம் 22,000 ரூபாய் கொடுக்கிறார். விவரம் அறிந்ததும், "இதுக்கு நான் வேற வீடே பார்த்துடலாமே சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் பாதி உண்மையாகத்தான் சொன்னார். அவருக்காகத் தணிக்கையாளர் ஒருவரை அமர்த்தி, அந்தச் செலவை நானே ஏற்றுக்கொண்டேன்.

மாதம் 6,864 ரூபாய் பிடிபட்டு 15,136 ரூபாய் என் கைக்கு வரும். ஆனால் ஆண்டு வாடகை 2,64,000 ரூபாயில் சொத்து வரியையும், மீதியில் 30 விழுக்காட்டு நிலையான கழிவையும் கழித்தால், மிஞ்சுவது வரி வரம்புக்குக் கீழே இருப்பதால், இந்தியாவில் வேறு வருமானம் இல்லாத எனக்கு வரியே வராது. கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்தது அனைத்தும் திரும்பி வரும். அதுவரை காத்திருக்க விரும்பாதவர்கள் குறைந்த விகிதத்தில் பிடிக்குமாறு சான்றிதழ் கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், நான் விண்ணப்பித்திருக்கிறேன். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: இந்த வாடகையை அங்கேயும் காட்ட வேண்டும், ஆனால் இந்தியாவில் திரும்பக் கிடைக்கும் தொகையை அங்கே வரிச்சலுகையாகக் கோர முடியாது. கோரலாம் என்று எனக்கு நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்லியிருந்தார்.

வங்கி வேலை ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டியது. மூன்று நாள் ஆனது. கல்லூரிக் காலத்துச் சேமிப்புக் கணக்கிலேயே வாடகையை வாங்கிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் குடியேறியவர் அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டுவாழ் இந்தியர் தம் இந்திய வருமானத்தை வைக்கும் கணக்காக, மாற்றியாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் போட்ட கையெழுத்தும் இப்போதைய கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை என்று என்னைத் திரும்பத் திரும்பக் கையெழுத்திட வைத்தார்கள். என்ஆர்ஓ கணக்கிலிருந்து, வரி கட்டிய ஆவணங்களுடன், ஒரு நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்று அந்த அதிகாரி விளக்கினார். என் வாடகைக்கு அந்த வரம்பு எட்டாத உயரம்.

லாபக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வீட்டின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 75 லட்சம். ஆண்டு வாடகையிலிருந்து, ஆள் மாறும் ஆண்டில் வீடு காலியாக இருக்கும் ஒரு மாத வாடகை, தரகருக்கு ஒரு மாத வாடகை, பராமரிப்பு நிறுவனத்தின் பங்கு, சொத்து வரி, பழுதுச் செலவு ஆகியவற்றைக் கழித்தால் கையில் நிற்பது 1,73,000 ரூபாய் அளவு. முதலுக்கு 2.3 விழுக்காடு. வைப்பு நிதியே இதைவிடக் கூடுதலாகத் தரும். வீட்டின் விலை ஏறும் என்ற நம்பிக்கையும், பெற்றோர் வீட்டுக்கு நடந்து போகும் தூரம் என்பதும் இல்லையென்றால் இதை வைத்திருக்க நியாயம் இல்லை. புதிதாய் வாங்க நினைக்கும் நண்பருக்கு, வாடகையை நம்பி வாங்காதீர்கள் என்றே சொன்னேன்.

புறப்படும் முன் மாற்றுச் சாவியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, கீழ்வீட்டுக்காரரையும் பார்த்தேன். ஈரம் முழுக்கக் காயாமல் கூரையில் பெயின்ட் அடித்தால் உரிந்துவிடும் என்பதால், கோடை வரை பொறுத்திருந்து அடித்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்கான செலவை மைத்துனரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.