விண்டோஸுடன் குறியாக்கப்பட்ட லினக்ஸ்: ஃபெடோரா 42 நிறுவி பற்றிய மதிப்புரை

விண்டோஸ் இருக்கும் மடிக்கணினியில் லினக்ஸையும் சேர்த்து நிறுவுவது இன்று கடினமன்று. அந்த இரண்டாம் இயங்குதளத்தைக் குறியாக்கம் செய்து (கடவுத்தொடர் இல்லாமல் படிக்க முடியாதபடி) நிறுவும் கட்டத்தில்தான் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். 2025 ஏப்ரலில் வெளியான ஃபெடோரா 42 வொர்க்ஸ்டேஷன் என்ற லினக்ஸ் பதிப்பின் புதிய நிறுவி (நிறுவும் செயலி) இந்தத் தயக்கத்தைப் பெருமளவு போக்கிவிடுகிறது.

வட்டில் போதிய காலியிடம் இருந்தால், அதை மற்றோர் இயங்குதளத்துடன் பகிர்ந்துகொள்ளும் வழியை நிறுவியே காட்டுகிறது. அதைத் தேர்ந்தெடுத்து, குறியாக்கத்துக்கான கட்டத்தில் குறியிட்டுக் கடவுத்தொடரைக் கொடுத்தால், லக்ஸ் எனும் லினக்ஸின் வட்டுக் குறியாக்க முறையில் குறியாக்கப்பட்ட பார்ட்டிஷனும் (வட்டின் தனிப் பகுதி) அதனுள் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் பிடிஆர்எஃப்எஸ் கோப்பமைப்பும் தாமாகவே அமைந்துவிடுகின்றன. கடவுத்தொடரை ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் நீளமாக அமைப்பது நல்லது. கணினி துவங்கும்போது தமிழ் விசைப்பலகையை நம்பியிருக்க வேண்டாம்.

விண்டோஸ் பக்கத்து முன்னேற்பாடுகள் மட்டும் இன்னும் பயனரின் பொறுப்புதான். விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இயங்கும் கணினியில் துவக்க முறையோ, கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட் அமைப்போ மாறினால் 48 இலக்க மீட்புக் குறியீடு கேட்கப்படலாம் என்பதால், அது கைவசம் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. சி டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகச் சுருக்குவதும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவைப்பதும் அவசியம்; அது செயலில் இருக்கையில் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, அந்நிலையில் அதன் பார்ட்டிஷனில் லினக்ஸ் எழுத நேர்ந்தால் கோப்புகள் சிதையக்கூடும். நிறுவிய பின் விண்டோஸ் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கினால், வன்பொருள் கடிகாரத்தை யூடிசி எனும் உலகப் பொது நேரமாகப் படிக்குமாறு விண்டோஸை அமைத்தால் போதும்.

பாதுகாப்பின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். துவக்கக் கோப்புகள் உள்ள பூட் பார்ட்டிஷன் குறியாக்கப்படாமலேயே இருக்கிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் கையொப்பத்தைச் செக்யூர் பூட் சரிபார்த்தாலும், கணினியிலேயே உருவாகி, துவக்கத்தில் கடவுத்தொடரைக் கேட்கும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைச் சரிபார்ப்பதில்லை. நம் கோப்புகள் உள்ள பகுதி குறியாக்கப்பட்டிருப்பதால், அணைத்துவைத்த மடிக்கணினி களவுபோனால் நம் கோப்புகளைத் திருடனால் படிக்க இயலாது. ஆனால் நாம் இல்லாதபோது கணினியைத் தொட்டு, துவக்கக் கோப்புகளை மாற்றிவைத்து, நாம் பின்னர் இடும் கடவுத்தொடரைக் கவர நினைப்பவரை இந்த அமைப்பு தடுக்காது. பெரும்பாலோருக்கு முதல் வகைக் காப்பே தேவை என்பதால், இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

லக்ஸ் பார்ட்டிஷனின் தொடக்கத்திலுள்ள தலைப்புப் பகுதியைப் பற்றி இந்த நிறுவி இன்னும் அழுத்தமாக எச்சரிக்க வேண்டும் என்பது என் விருப்பம். தரவைத் திறக்கும் மூலத்திறவி அங்கேதான் பூட்டப்பட்டிருக்கிறது. அது சிதைந்தால் சரியான கடவுத்தொடராலும் பயனில்லை. நிறுவல் முடிந்தவுடன் கிரிப்ட்செட்டப் கருவியால் அதன் நகலை எடுத்து, வேறொரு யுஎஸ்பியில் பத்திரப்படுத்திவிடுங்கள்.